பைக்குள் வைத்த விபூதி

வியட்நாம் போர் முடிந்து அங்கே கம்யூனிஸ்டுகள் ஜெயித்திருந்த சமயம். "அடுத்தது தாய்லாந்து, அப்புறம் நாமதான்லா" என்று பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் மீன் வெட்டுகிறவர்கூட அரசியல் பேசுவார். பெரிய நாடுகள் அணுகுண்டை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. அந்த முறைப்பில் எங்கள் பங்குக்கு வந்தது தாய்லாந்தை ஒட்டிய வடக்கு எல்லைக் காடு. அங்கே ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைத் தேட, ராணுவத்தில் இருந்த என் வீட்டுக்காரரை அனுப்பினார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்தே மாதம்.

கிளம்புகிற காலையில் அவருக்குத் தெரியாமல் கோயில் விபூதியை எடுத்து, அவருக்குப் பிடிக்குமே என்று ஜவ்வாதும் தாராளமாகக் கலந்து, பொட்டலமாக்கி, அவர் பையின் உட்புறம் வைத்துத் தைத்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு ஒரே பெருமை.

பத்து நாள் கழித்து, தனியாக இருக்கப் பிடிக்காமல் கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். அவருடைய படையிலேயே இருந்த இன்னொருவரின் மனைவி அங்கே குடியிருந்தார். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே அந்த அக்கா சொன்னார்: "இவரு போறப்ப பவுடர் டப்பாவ வெளிய எடுத்துப் போட்டுட்டாரு. சோப்புகூட வாசம் இல்லாததுதான். காட்டுல வாசன வந்தா ஆளு எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்துருமாம்லா."

தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு எழுந்துவிட்டேன். ஜவ்வாதுப் பொட்டலத்தைப் பற்றி அந்த அக்காவிடம் எப்படிச் சொல்வது? அவர் புருஷனும் அதே வரிசையில்தானே நடந்துகொண்டிருப்பார்?

கடிதம் போடலாம் என்றால், காட்டுக்குள் இறங்கியவர்களுக்கு முகாம் திரும்பினால்தான் தபால். வீட்டில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. மிச்சமிருந்த ஜவ்வாதைச் சாக்கடையில் கொட்டினேன். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி மோந்து பார்ப்பேன். வாசம் போனமாதிரியே இருக்காது. வானொலியில் எல்லையில் சண்டை என்று சொன்னால் என் ஜவ்வாதால்தான் என்று நினைப்பேன். ஒன்றும் சொல்லாவிட்டால் மறைக்கிறார்கள் என்று தோன்றும். வீடு தண்டவாளத்தை ஒட்டி. ஒவ்வொரு ரயிலுக்கும் வாசலுக்கு ஓடினேன். அவரைக் கொல்ல எதிரி எதற்கு, நான் ஒருத்தி போதாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏழாவது வாரம் ஒரு மத்தியானம், கறுத்து இளைத்து வந்து நின்றார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. பையைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். உள் தையல் பிரிந்து கிடந்தது.

"முகாம்லயே எடுத்துட்டேன்," என்றார். "காட்டுக்குள்ள எறங்குறதுக்கு முன்னாடி சார்ஜன் எல்லாரு பையையும் மோந்து பாப்பாரு. அங்க ஒரு மரம் இருக்கு. எல்லாரு பொண்டாட்டியும் வச்சு வுட்டது அதுக்கடியிலதான் கெடக்கு. விபூதி, சந்தனம், சீனப் பையனுங்களோட மந்திரம் எழுதுன மஞ்சத் தாளு. கும்பிட்டு வச்சிட்டுப் போவோம்."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இங்கே நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன், இவர் மரத்தடிக் கதை சொல்கிறார். "இனிமே ஒங்க பைய நான் தொட்டா கேளுங்க!" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே சோறு கேட்டார்.

மூன்று மாதத்தில் மறுபடி எல்லைக்குக் கூப்பிட்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், பையைத் தொடவில்லை. சப்பாத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தவர் பையைத் தூக்கவில்லை. கையை உள்ளே விட்டு அடிவரை துழாவினார். தையல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் பயத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"இந்தத் தடவ ஒண்ணும் வைக்கலையா?" என்றார்.