இரண்டரை மூவாயிரத்தான்

மகி, பிரவீன், நேற்று மாலை நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையைச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே முழுசாகக் கேட்டேன். அந்த விண்வெளித் தொடரில் கேப்டனாக இதுவரை மூன்று பேர் நடித்திருக்கிறார்களாம். அதில் யார் உண்மையான கேப்டன் என்று சண்டை. "ரெண்டாவது ஆளுதான் கெத்து" என்கிறான் பிரவீன். "அவன் சிரிச்சா பல் டாக்டர் போர்டுல இருக்கறவன் மாதிரி கீறான்" என்கிறாய் மகி. கடைசியில் ரிமோட் விழுந்து, பேட்டரி கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. நான் உள்ளே வந்து, "எங்களுக்கும் இதே சண்டைதான்" என்றேன். நீங்கள் இரண்டு பேரும் பார்த்த பார்வை இருக்கிறதே! அதனால்தான் எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள்.

எங்கள் நாயகன் பெயர் மூவாயிரத்தான். எந்தச் சேனலிலும் வரமாட்டான். கும்மிடிப்பூண்டியில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த இரும்புக் கம்பெனியில், பாதுகாப்பு வாரத்தின் கடைசி நாள் தொழிலாளர் நாடகம் ஒன்று போடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அதில் மட்டும் வருவான். கி.பி. மூவாயிரத்திலிருந்து வருவான். அந்தக் காலத்து மனிதர்களுக்கு விரலே கிடையாது. முன்னோர்களாகிய நாங்கள் எல்லா விரலையும் மிஷினில் கொடுத்துத் தீர்த்துவிட்டோம். எந்தப் பட்டறையில், யார், எப்படிக் கொடுத்தார் என்று கண்டுபிடித்துத் தடுக்கத்தான் அவன் வருகிறான். ஒருத்தர் விரல் போனால் அவர் பேரனுக்கும் எப்படிப் போகும் என்று கேட்காதே மகி. நானூறு பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தோம், ஒருத்தரும் கேட்கவில்லை.

அவன் உடுப்பு எங்கள் உலைப் பிரிவின் வெள்ளிக் கோட்டு. உருகின இரும்புக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் போடுவது. தலைக்கு மூடாக்கு, முகத்துக்குத் தங்க நிறக் கண்ணாடி. அந்தக் கோட்டுக்கு ஒரு வாசனை உண்டு. சுட்ட சோளத்தின் தோல், பழைய வேர்வை, கொஞ்சம் துரு. இன்றைக்கும் நீங்கள் பிரியாணிப் பொட்டலத்தின் வெள்ளிக் காகிதத்தைப் பிரித்தால் எனக்குப் பசிக்குப் பதிலாக அந்தக் கோட்டுதான் ஞாபகம் வரும். அவன் வரும் கால வாகனம், சீரியல் பல்பு சுற்றிய ஸ்கிராப் டிராலி. வரும்போது புகை வேண்டுமே? ஆயுத பூஜைக்கு வாங்கி மிச்சமான சாம்பிராணி. எதிர்காலம் எப்போதும் சாம்பிராணி மணத்தோடுதான் வரும்.

ஒரே ஒரு விதி. மூவாயிரத்தான் கண்ணாடியைத் தூக்கக் கூடாது. நம் காலத்துக் காற்று பட்டால் அவன் கரைந்துவிடுவான். முதல் வருஷமே அப்படிச் சொல்லிவிட்டார்கள். அதில் மட்டும் எல்லோரும் கறார்.

முதலில் நடித்தவர் ஆரோக்கியம் அண்ணன். உலைக்காரர். தினமும் போடுகிற கோட்டு என்பதால் வேர்க்காது, அசையவும் மாட்டார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நாம் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நாலு வருஷம் அவர்தான். பிறகு அவரை நிரந்தரமாக வேறு ஷிப்டுக்குப் போட்டார்கள், வேணு வந்தான். பெரியபாளையத்துக்காரன். ஆடித் திருவிழாவில் ஆடி ஆடிப் பழகின கால், மூவாயிரத்துக்குப் போனாலும் சும்மா இருக்குமா? டிராலியிலிருந்து இறங்கும்போதே ஒரு குத்து. ஜனம் இரண்டாகப் பிரிந்தது.

சண்டை நடக்கும் இடம் ரயில். மீஞ்சூரில் நான் ஏறுவேன். பொன்னேரியில் தேவராஜ் ஏறுவார், லேத் ஓட்டுகிறவர். ஆந்திரா எல்லை ஓரத்தில் பிறந்தவர், யாரைப் பார்த்தாலும் நைனா. எங்கள் பெட்டியில் அவர் வைத்ததுதான் தீர்ப்பு.

"ஆரோக்கியம் நடந்து வந்தா தர அதிரும் நைனா."

"அதிர்ந்தது பின்னால போன ஃபோர்க்லிப்டு" என்பான் வேணு கட்சிக்காரன் ஒருத்தன்.

"இன்னாத்துக்கு ஆடணும்? ஆயிரம் வருசம் தாண்டி வந்தவன் டயர்டா இருக்க மாட்டான்?"

"அவன் ஊட்டுல வெரல் இல்லாம எல்லாரும் அழுதுகினு கீறாங்க, இவரு நின்னு நின்னு பேசுவாராமா. அவசரம் வேணா?"

கவரைப்பேட்டை வருவதற்குள் கை நீட்டிப் பேச ஆரம்பித்திருப்பார்கள். நான் ஆரோக்கியம் அண்ணன் கட்சி. ஆனால் உள்ளுக்குள் வேறு ஒரு ஆசை. வேணு ஆந்திரா பக்கம் வேறு வேலைக்குப் போகப் போகிறான் என்று தெரிந்ததிலிருந்து, தேவராஜ் வாயால் "மூணாவது மூவாயிரத்தான்" என்று என்னைச் சொல்ல வேண்டும், அந்தப் பெட்டியில், எல்லோர் முன்னாலும். அவ்வளவுதான். உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அவ்வளவு வேண்டிக்கொள்ளவில்லை. இதை அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம்.

நாடகக் கமிட்டியில் மூன்று நாள் கெஞ்சினேன். கோட்டு போட்டுப் பார்த்தார்கள். ஆரோக்கியம் அண்ணனுக்கு முழங்கால் வரை வந்தது, எனக்குக் கணுக்கால் வரை. "பேக்கிங்ல இருக்கறவன், நல்லா மடிச்சுக்குவான்" என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு மாதம் ஒத்திகை. ஆரோக்கியம் அண்ணனின் நடை, வேணுவின் இறக்கம், இரண்டையும் கலந்து இரண்டு கட்சியையும் பிடித்துவிடத் திட்டம். அதோடு நிறுத்தினேனா? வருகை பிரமாதமாக இருக்க வேண்டும் என்று, டிராலிக்கு ஒரு சட்டி சாம்பிராணி போதும் என்றவர்களிடம் அடம் பிடித்து மூன்று சட்டி வைக்கச் சொன்னேன்.

டிராலி கிளம்பியது. புகை மேலே போகாமல் நேராக என் மூடாக்குக்குள் வந்தது. கண்ணாடி முழுக்க ஆவி. முன்னால் நானூறு பேரும் இல்லை, மேடையும் இல்லை, மஞ்சள் மட்டும் இருந்தது. இருமல் வந்தது. இறங்கி ஒரு காலை வைத்தேன், அது கோட்டின் விளிம்பு. விழப் போனவன் எதையாவது பிடிக்கலாம் என்று கையைத் தூக்கினேன். கை எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? கண்ணாடிக்கு. படக்கென்று தூக்கிவிட்டேன்.

முன் வரிசையில் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள்.

"ஐயோ, காத்து பட்ருச்சுடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கரைஞ்சான்!"

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது, சுருண்டு விழுந்து கரைவது. அதுதான் நியாயம். நானோ நன்றாக மூச்சு விட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மனிதர்களே, கையுறை எங்கே?" என்று மனப்பாடம் செய்ததை ஆரம்பித்துவிட்டேன். முழு நாடகத்தையும் திறந்த முகத்தோடு முடித்தேன். மேனேஜர் மட்டும் கை தட்டினார். அவருக்கு விதி தெரியாது.

மறுநாள் ரயிலில் ஏறினால் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மூவாயிரத்தான் செத்தானா, இல்லையா? செத்தவன் எப்படிப் பேசினான்? இனி அடுத்த வருஷம் யாரை வைத்து நாடகம்? "ஒருவேளை மூவாயிரத்துல இதுக்கு மருந்து கண்டுபுடிச்சிருப்பான்" என்று ஒரு நல்ல மனசுக்காரர் சொன்னார். நான் அவரையே நன்றியோடு பார்த்தேன். தேவராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"டிராலில வந்தான் பாரு, அது மூவாயிரத்தான். கண்ணாடிய தூக்குனான் பாரு, அப்பவே அவன் போயிட்டான். அதுக்கப்புறம் பேசினது நம்ம பேக்கிங் குமாரு. அதனால இதுவரைக்கும் மொத்தம் ரெண்டரை பேரு."

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கின பிறகு கொஞ்சம் மெதுவாக நடந்தேன். வருஷம் முழுக்க எனக்கு அரை என்றுதான் பெயர். "அரை, நகந்து குந்து." "அரைக்கு ஒரு முறுக்கு குடு." பரவாயில்லை, அடுத்த வருஷம் இருக்கிறது, கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியாவது முழுசாகிவிடலாம் என்று காத்திருந்தேன்.

அடுத்த வருஷம் நாடகம் இல்லை. திரை கட்டி ஒரு படம் போட்டார்கள். பொம்மை ரோபோ ஒன்று வந்து, எந்த ஊர்த் தமிழ் என்று தெரியாத தமிழில், "அன்பான பணியாளரே, விழிப்பாக இருங்கள்" என்றது. பத்து நிமிஷம் யாரும் சிரிக்கவில்லை, திட்டவில்லை, இருமக்கூட இல்லை. அப்போது இருட்டில் தேவராஜ் குரல் கேட்டது.

"இன்னா பேஜாரு இது! இதுக்கு நம்ம அரை எவ்ளவோ மேல். டேய் குமாரு, ஏறுடா மேல!"

"அரை! அரை!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஆரோக்கியம் கட்சி, வேணு கட்சி என்று பேதமில்லாமல். சூப்பர்வைசர் விளக்கைப் போட்டு அடக்கினார். நான் ஏறவில்லை. அதற்குப் பிறகும் தேவராஜ் என்னை மூன்றாவது என்று சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

அதோடு மூவாயிரத்தான் வரவே இல்லை. உலையை நிறுத்தினார்கள், ஆட்கள் பிரிந்தார்கள், கம்பெனியின் பெயரும் மாறிவிட்டது. தேவராஜ் மகனோடு நெல்லூர்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. இப்போது நான் வேலை செய்யும் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் என்றால் போனில் பத்துக் கேள்வி வரும், சரி சரி என்று தட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். ரயிலிலும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு தொடர் பார்க்கிறார்கள். கவரைப்பேட்டை தானாக வந்து போகிறது.

இன்று காலை லோடு ஏற்ற அந்தப் பழைய கம்பெனி இடத்துக்குப் போயிருந்தேன். நாடகம் போட்ட மைதானத்தில் இப்போது லாரி எடைமேடை இருக்கிறது. எங்கள் வண்டி எடை போட்டு இறங்கியதும் டிரைவர் டீக்குப் போனார், எடை பார்க்கிற பையனும் அவரோடு போனான். நான் அந்த இரும்பு மேடையின் நடுவில் ஏறி நின்றேன். பலகையில் சிவப்பு எழுத்து இரண்டு முறை துடித்து, முழுசாக அறுபது கிலோ என்று நின்றது. அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். அப்புறம் ஜனம் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன்.