திமிங்கிலச் சுறாவின் இடது விலா

வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே கடலுக்கடியில் உலகத்தின் மிகப் பெரிய மீனைக் கண்டேன். கண்டதும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையை நீட்டி, அதோடு சேர்த்து என்னையே பதினொரு படம் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளவத்தையில் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகளோடு சேர்ந்து துருப்பிடித்து, ஐம்பது வயதில்தான் சுழியோடப் பழகினவன் நான். திமிங்கிலச் சுறாவைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்திருந்தேன். ஆயிரக்கணக்கில் பல் இருந்தும் யாரையும் கடிக்காது என்பது வரை தெரியும். அதன் எந்தப் பக்கத்தைப் படமெடுக்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

மேலே வந்து செய்தியைச் சொன்னபோது படகோட்டியின் முகம் மாறியது. கொட்டாஞ்சேனைக்காரர், என் வயதுதான். ஞாயிறு முதல் பூசை கண்டுவிட்டுத்தான் எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போவார். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கிட்ட வந்தார்.

“மினிமுத்து மோராவோ சேர்? நான் அறுத்து விட்டதோ?”

சிங்களத்தில் அதற்கு அந்தப் பெயர். மணியும் முத்தும் கொட்டினதுபோல முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. முந்தின வருடம், அவர் மீன்பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒன்று அவருடைய புது வலையில் சிக்கியிருக்கிறது. வலையை வெட்டி விட்டுவிட்டார். அசைவில்லாமல்தான் அது ஆழத்துக்குள் இறங்கியதாம். எப்படியும் செத்திருக்கும், வலையும் போச்சு மீனும் போச்சு என்று கரையில் சிரித்தார்கள். அவருக்கும் அந்தச் சந்தேகம் போகவில்லை.

எங்கள் சுழியோடிக் குழுவை நடத்தும் பெண், சுறா ஆராய்ச்சியாளர்களுக்குப் படம் அனுப்புகிறவர். செவுளுக்குப் பின்னால், பக்கச் செட்டைக்கு மேலே உள்ள புள்ளிக்கோலம் மனிதனின் கைரேகை மாதிரி, ஒன்றைப்போல இன்னொன்று இராது என்றார். உலகம் முழுக்கச் சுழியோடிகள் அனுப்பும் படங்களைக் கணினியில் ஒப்பிட்டு, எந்த மீன் எங்கே போகிறது, உயிரோடிருக்கிறதா என்று கண்டுபிடிக்கிறார்கள். எல்லோரும் ஒரே பக்கத்தை, இடது பக்கத்தை, எடுத்தால்தான் ஒப்பிடுவது சுலபம். வலையை வெட்டிய அன்று படகோட்டி தொலைபேசியில் எடுத்த படமும், தற்செயலாக, இடது பக்கம்தான். அது ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது.

என் பதினொரு படங்களையும் அந்தப் பெண் பொறுமையாகப் பார்த்தார்.

“அங்கிள், புள்ளி தெரிய வேண்டிய இடத்தில உங்கட காது நிக்குது.”

படகோட்டி போய்க் கயிற்றைச் சுற்றத் தொடங்கினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மீனின் இடது விலாவை இவருக்குக் கொண்டுவந்து காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அடுத்த வாரமே தொடங்கினேன். நீச்சல் குளத்தில் மூழ்கி, கை கால் அடிக்காமல் ஒரே மட்டத்தில் மிதக்கப் பழகினேன். காலி வீதியில் நின்று, ஓடுகிற பஸ்களின் இடது பக்கத்தைப் படமெடுத்தேன். பஸ் கொம்பனியில் வேலை எடுத்துவிட்டேனா என்று மனைவி கேட்டாள். ஞாயிறு தவறாமல் கடலுக்குப் போனேன். தென்மேற்குக் காற்று தொடங்கிக் கடல் கொந்தளித்த மாதங்களில் வீட்டில் இருந்து பொருமினேன்.

அடுத்த வருடம், அதே மாசியில், அது வந்தது. வந்தது வலது பக்கம் காட்டி. குறுக்கே பாயக்கூடாது, தொடக்கூடாது, பளிச்சென்று வெளிச்சம் அடிக்கக்கூடாது. எட்ட நின்று காத்திருக்க வேண்டும். காற்றுமானியின் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. மேலே வரும்படி அந்தப் பெண் ஒரு தடவை கைகாட்டிவிட்டார். அப்போதுதான், நிறுத்தத்தைத் தவறவிட்ட பஸ் மாதிரி, அது மெல்ல வளைந்து திரும்பியது. நாலு படம் எடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஆராய்ச்சியாளர்களிடமிருந்து பதில் வந்தது. படகோட்டி வலையை வெட்டி விட்ட அதே மீன்தான்.

தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லை. கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். படகோட்டி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தார். “ஓம், சேர்,” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

இவ்வளவு புத்தகம் வாசித்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று அவர் வீட்டு முன்னறையில் பிடிபட்டது: ஒன்றை உண்மையாகப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் நான் வழியை விட்டு விலக வேண்டும். இன்றும் கமராவைத் தூக்கும்போதெல்லாம் அது ஞாபகத்துக்கு வருகிறது.

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை வாங்கி, மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“அது நல்லாக் கொழுத்துத்தான் இருக்கு. இந்த மனுசன்தான் அதையே நினைச்சு நினைச்சு மெலிஞ்சு போச்சு.”