நிரம்பினால் என்ன ஆகும்?

என் தங்கச்சி எந்தப் பொருளை வாங்கப் போனாலும் முதலில் விசாரிப்பது அதன் கெட்ட குணத்தைத்தான். குக்கர் வாங்கும்போது, "வெடிச்சா மூடி மேல போகுமா, பக்கத்துல போகுமா?" என்று கேட்டுக் கடைக்காரனை வியர்க்க வைத்தவள். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளையிடம் வேலை, வீடு எதையும் கேட்கவில்லை. "கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள். "சாப்பிடாம படுத்துருவேன்" என்றார் அவர். "அப்ப சரி, எனக்குச் சமையல் மிச்சம்" என்று அங்கேயே தலையாட்டிவிட்டாள். அண்ணன்காரன் எனக்கு அன்றைக்கே பாதி உயிர் போய்விட்டது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஒரு மழை நாளில் ரயில் பாலத்துக்கு அடியில் வண்டி நின்றுபோய், தண்ணீர் சீட்டு மட்டத்துக்கு ஏறிவிட்டது. பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே தூக்கி வேனின் தலைமேல் உட்கார வைத்தாள். ஒரு பிள்ளைக்கும் கீறல் கூட இல்லை. மறுநாளே வேலைக்கும் போனாள். ஆனால் அன்றிலிருந்து தண்ணீர் பக்கம் போவதில்லை. ஏரிக்கரைச் சாலையை விட்டுவிட்டு ஊரையே சுற்றி ஓட்டுவாள். அதைப் பார்த்து வளர்ந்த அவள் மகளும் அப்படியே ஆகிவிட்டாள். நீச்சல் வகுப்பு என்றால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வைத்த மாதிரி வயிற்றுவலி.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிடும்போது, "ஒரு சின்ன மோட்டார் படகு வாங்கலாம்னு இருக்கேன்" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. அவர் தங்கச்சியைப் பார்த்துத் தொடர்ந்தார். "பாப்பாவும் உன்னை மாதிரியே காலம் பூரா தண்ணியைக் கண்டு நடுங்கணுமா? ஞாயித்துக்கிழமை எல்லாருமா ஏரியில ஒரு சுத்து போய்ட்டு வரலாம். மச்சானும் வரட்டும்."

"என்னை ஏன் இழுக்கறீங்க மாப்பிள்ளை? எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன்.

தங்கச்சி கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "படகை நான்தான் பாப்பேன். எனக்கு மனசு ஒப்பலேன்னா இந்தப் பேச்சு இனிமே இந்த வீட்ல எடுக்கக் கூடாது" என்றாள். மாப்பிள்ளை உடனே ஒத்துக்கொண்டார். அவருக்கு வேறு வழி இல்லை.

முதல் கடையில் சிவப்பாக, கத்தி மாதிரி ஒரு படகு. "தண்ணி நிரம்பினா என்ன ஆகும்?" என்றாள்.

"நிரம்பவே நிரம்பாது மேடம்."

"வா அண்ணா, போலாம்."

இரண்டாவது கடையில் படகுக்குள் மெத்தை, பாட்டுப்பெட்டி எல்லாம் இருந்தது. விற்கிற பையன், "நிரம்பினா பயமே இல்ல மேடம், லைஃப் ஜாக்கெட் இலவசமா தர்றோம்" என்றான். "அப்ப மூழ்கும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு" என்று திரும்பிவிட்டாள். மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போயிற்று.

கடைசியாக ஏரிக்கரையில் பழைய படகு விற்கிறவரிடம் போனோம். எப்போதும் ஒரு நைந்த தொப்பி போட்டிருப்பார், ஊரே அவரைத் 'தொப்பி' என்றுதான் சொல்லும். அவர் காட்டியது குளியல் தொட்டி மாதிரி தட்டையான ஒரு ஃபைபர் படகு. அதே கேள்வியைக் கேட்டாள்.

"தெரியலம்மா. சீட்டுக்கு அடியில நுரை அடைச்சிருக்கு, தாங்கும்னு சொல்றாங்க. நான் நிரப்பிப் பாத்ததில்ல."

தங்கச்சி முதல் தடவையாகப் படகின் மேல் கையை வைத்தாள். "ஒரு சுத்து போய்ப் பாப்போம்" என்றாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ரெண்டு பேருக்கும் வாய் திறந்தபடி.

ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கூட வந்திருந்த பிள்ளை உட்பட எல்லாரும் ஏறினோம். தொப்பி ஓட்டினார். பிள்ளை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தது. ஓடும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நடு ஏரியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, "எவ்வளவு அமைதி பாத்தீங்களா?" என்றார் தொப்பி.

"மாமா, உங்க செருப்பு நீந்துது" என்றது பிள்ளை என்னிடம்.

குனிந்து பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர். நான் போட்ட சத்தத்தில் கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. தொப்பி சாவியைத் திருகினார். பின்பக்கம் தரையில் இருந்த பேட்டரி நனைந்துவிட்டது, எஞ்சின் முனகக்கூட இல்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"அந்த மூடி! பின்னாடி அடியில மழைத்தண்ணி வடியறதுக்கு ஒரு ஓட்டை இருக்கு, ஓடறப்ப தண்ணி உள்ள வராது, நின்னாத்தான் ஏறும். அதோட மூடியைக் கழட்டி விளிம்புல வச்சேன், நடுவுல ஃபோன் வந்துச்சு, திரும்பி வந்தா அங்க இல்ல. சரி, நானே மாட்டிட்டேன் போலன்னு..." தொப்பி உளறினார்.

மாப்பிள்ளையின் கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. வெளியே வந்தபோது விரல் நடுவில் அந்த மூடி இருந்தது. லிஃப்ட் வேலையில் ஒரு திருகாணி கிடந்தாலும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கீழே இருப்பவன் தலையில் விழும். அந்தப் பழக்கத்தில், அனாதையாகக் கிடந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கொடுக்கலாம் என்று மறந்திருக்கிறார்.

"யோவ், நீ மனுஷனா!" என்று கத்திய தொப்பி, அதைப் பிடுங்கித் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார், ஓட்டை அகப்படவில்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. படகின் விளிம்பு ஏரி மட்டத்துக்கு இறங்கிக்கொண்டே வந்தது. முடிந்தது கதை என்று எழுந்தேன்.

"யாரும் எந்திரிக்காதீங்க. அண்ணா, உன்னைத்தான், உக்காரு" என்றாள் தங்கச்சி. வேனில் பிள்ளைகளை அதட்டும் அதே குரல். ஒரு கையால் மகளை இறுக்கியிருந்தாள். கண் மட்டும் விளிம்பை விட்டு அசையவில்லை. தண்ணீருக்கு மேலே நாலு விரல் மிச்சம் இருந்தது. பிறகும் நாலு விரல்தான்.

"நின்னுடுச்சு" என்றாள்.

சுற்றிலும் பார்த்தேன். தொட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இடுப்பளவு தண்ணீரில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். படகு சாயவில்லை, அதற்கு மேல் இறங்கவும் இல்லை. பிள்ளை தலையைத் தூக்கி, தண்ணீரை ஒரு தட்டு தட்டிப் பார்த்தது. இன்னொரு தட்டு என் மூஞ்சியில் விழுந்தது.

மீன்பிடிப் படகு ஒன்று வந்து கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. இறங்கியதும் நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை தலை நிமிரவே இல்லை. "என்னை மன்னிச்சுடு. இனிமே படகுன்னு வாயைத் திறக்க மாட்டேன்" என்றார்.

தங்கச்சி சேலையைப் பிழிந்துகொண்டே தொப்பியிடம் கேட்டாள். "பேட்டரி மாத்தி, காய வச்சு எப்பத் தருவீங்க?"

"எதை?" என்றார் தொப்பி.

"இதைத்தான்."

"உனக்குப் புத்தி பிசகிடுச்சா?" என்று நான் அலறினேன். "இப்பத்தான் எமன் வாசலைப் பாத்துட்டு வந்திருக்கோம்!"

"மத்தவங்க எல்லாம் வாயால சொன்னாங்க அண்ணா. இதுதான் காட்டிச்சு."

தொப்பி தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வழுக்கை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். "இத்தனை வருஷமா படகு விக்கிறேன்மா. மூழ்கின படகையே குடுன்னு கேட்ட ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அது எங்கங்க மூழ்குச்சு?" என்றாள் தங்கச்சி. அவள் பிள்ளை அதற்குள் ஓரத்தில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, மறுபடி எப்போது போவோம் என்று கேட்டுக்கொண்டிருந்தது.