வெற்றுத் திரை

கண்ணும் மூளையும் சேர்ந்து எவ்வளவு மங்கலான கோடு வரைக்கும் பார்க்க முடியும் என்பதுதான் என் ஆராய்ச்சி. சோதனைக்கு ஆள் கிடைக்காமல் திண்டிவனத்திலிருந்து சித்தியைக் கூப்பிட்டேன். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வறுத்த வேர்க்கடலைப் பையோடு பஸ் ஏறி, விழுப்புரத்தில் நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார்.

இருட்டறையில் உட்காரவைத்து, "திரையில கோடு தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு சித்தி. இல்லன்னா இல்லன்னு சொல்லு" என்றேன்.

ஒவ்வொரு முறையும் "தெரியுதுப்பா" என்றார். இடையிடையே கோடே இல்லாத வெற்றுத் திரையையும் காட்டுவோம். குத்துமதிப்பாகச் சொல்பவர்களைப் பிடிப்பதற்காக வைக்கும் பொறி அது. அதற்கும் "தெரியுதுப்பா" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

"அங்க ஒண்ணுமே இல்ல சித்தி. எதுக்குப் பொய் சொல்ற?"

"நீ இம்மாம் கஷ்டப்பட்டுக்கினு காட்டுற. தெரியலன்னு எப்படிப்பா சொல்றது?" சித்தியின் குரல் இறங்கிவிட்டது.

இல்லாததை இருப்பதுபோல் காட்டியவன் நான். பொய் என்ற பழி மட்டும் அவருக்கு. மன்னிப்புக் கேட்க வாய் வராமல், "சரி, இன்னொரு தடவை பாக்கலாம்" என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, யார் கண்ணுக்கும் தப்பாத கன்னங்கரேலென்ற கோடுகளைப் போட்டேன்.

சித்தி திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, கோபம் இன்னும் இருக்கிறதா என்று தேடுவதுபோல் என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லப்பா" என்றார். "ஒண்ணும் தெரியல."