சுங்கான் பிடித்த மோயீசன்

ஏழாம் அகவையில், உலகின் தலைசிறந்த ஓவியர் எங்கள் சிற்றப்பாவே என்று நான் உறுதியாக நம்பினேன். இந்நம்பிக்கையில் எனக்குத் துணை எவருமில்லை. ராயபுரம் கல்மண்டபச் சாலையில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகைகள் அவர் தீட்டியவை; துறைமுகத்துப் படகுகளின் எண்களும் அவர் கைவண்ணமே. கடைக்காரர் தாளில் எழுதித் தருவதைச் சுண்ணக்கட்டியால் பெரிதாக வரைந்து, பிறகு வண்ணம் ஏற்றுவார். ஆயினும் ஒரு முகம் தீட்ட அவரை ஒருவரும் அழைத்ததில்லை. அது அவருடைய மனக்குறை. தம்பி இரயில்வேப் பட்டறையில் சேரவில்லையே என்பது என் தந்தையாரின் மனக்குறை.

ஓர் அமெரிக்கக் கப்பலின் உயிர்காப்புப் படகுகளில் பெயர் தீட்டச் சென்ற சிற்றப்பா, ஒரு நாள் பழைய நூலொன்றின் ஏட்டோடு திரும்பினார். கப்பலின் பொறியாளர் கொடுத்தது. துறைமுக எழுத்தர் விளக்கியபடி, அப்பொறியாளரின் தாய் செரோக்கி என்னும் அமெரிக்கப் பழங்குடியினர். ஏட்டில் படமாக இருந்தவர் அக்குடியின் பெருந்தலைவர். உப்புநீர் பட்டு ஏடு நைந்துகொண்டிருந்தது. கப்பல் புறப்படும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைப் பாய்த்துணியில் பெரிதாகத் தீட்டித் தரவேண்டும்.

தந்தையார் உடனே விதி வகுத்தார்.

"அந்தாளு மெச்சுற மாதிரி முடிச்சா, உன் வழிக்கு நான் வர்ல. இல்லாங்காட்டி திங்கக்கெயம பிரஷ்ஷ கடாசிட்டு எங்கூட பட்டறைக்கு வா."

சிற்றப்பா தலையசைத்துவிட்டுத் துணியை ஆணியடிக்கத் தொடங்கினார்.

நாளுக்கு நாள் அம்முகம் எழுந்து வந்தது. சிவந்த பூவேலைத் தலைப்பாகை, நீல அங்கி, கழுத்தில் பதக்கம், வாயில் புகையிலை அடைத்த நீண்ட சுங்கான். ஒரு கையில் பலகை; மறுகை அதைச் சுட்டிக்காட்டிற்று. நான்காம் நாள், மீன் விற்றுத் திரும்பிய அத்தை அதைக் கண்டதும் கூடையை இறக்கிவைத்துச் சிலுவையிட்டுக்கொண்டார்.

"யப்பா, மோயீசன்!" பத்துக் கட்டளைப் பலகை ஏந்திய மோசேயை எங்கள் தெருவில் அப்படித்தான் அழைப்போம்.

"அவரு இல்லக்கா. இவுரு அமெரிக்காகாரரு" என்றார் சிற்றப்பா.

"கைல பலக கீது, தலப்பா கீது. எனுக்கா தெரியாது?"

"மோயீசன் சுங்கான் புடிப்பாராக்கா?"

"நாப்பது வருசம் வனாந்தரத்துல சுத்துன மன்சன்டா. புடிச்சா இன்னா தப்பு?"

மாலைக்குள் தெருப் பெண்டிர் மெழுகுதிரிகளுடன் வந்துவிட்டனர். ஈர வண்ணத்தில் புகை படியாதவாறு விசிறும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. செபம் சொன்னவர்களையும் சேர்த்தே விசிறினேன்.

இடர் அந்தப் பலகையில்தான் இருந்தது. ஏட்டில், அதன்மேல் நுண்ணிய குறிகள் வரிவரியாக நிறைந்திருந்தன. அத்தைக்கு ஐயமே இல்லை.

"நம்ம பத்துக் கற்பனைய தமிழ்ல எழுதிடு. பாக்குறவங்க படிச்சிக்குவாங்க."

தந்தையார் வேறொரு வழி கூறினார். "கோழி கிண்டுனாப்புல கீது. அத்த எவன் படிக்கப்போறான்? நாலு கோடு கிழிச்சிட்டு அங்கிய முடிடா."

"வுட முடியாதுண்ணா. இது கோடு இல்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூஞ்சி கீது."

கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் உருப்பெருக்கும் கண்ணாடியை இரவல் வாங்கி, இரண்டு பகல் முழுதும் அக்குறிகளோடு மல்லாடினார். ஒரு வளைவு சற்றே கோணினாலும் சுரண்டிவிட்டு மீண்டும் தீட்டினார். ஞாயிறு விடிந்தபோது அங்கியின் கீழ்ப்பகுதி வெறுந்துணியாகவே இருந்தது.

பூசை முடிந்த வேளையில் பொறியாளர் வந்தார். நெடிய உருவம்; பேச்சுக் குறைந்தவர். அவர் பார்வை முதலில் அந்த வெறுந்துணியில் விழுந்தது. "போச்சு" என்று தந்தையார் முணுமுணுத்தார். அக்குரலில் துயரம் அதிகமில்லை. சிற்றப்பா தம் கைகளைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

பொறியாளர் குனிந்து, பலகையின் முதற்குறியின் அருகே விரலைக் கொண்டுசென்று ஓர் ஒலி எழுப்பினார். அடுத்த குறிக்கு வேறோர் ஒலி. பிறகு மற்றொன்று. நிற்காமல் வரி வரியாக ஓதினார். நெடுங்கணக்கை ஒப்பிக்கும்போது பள்ளியில் நாங்கள் போடும் அதே இராகம்! ஐம்பதைத் தொட்ட மனிதர், என் கண்ணெதிரே முதல் வகுப்புப் பிள்ளையாகிவிட்டார். கடைசிக் குறியை அடைந்தபோது அவர் கண்கள் நிறைந்திருந்தன.

அவர் சொன்னதை, பட்டறைத் துரைகளிடம் பழகிய ஆங்கிலத்தைக் கொண்டு தந்தையார் தணிந்த குரலில் பெயர்த்தார்.

"இதெல்லாம் அவங்க எழுத்தாம். இந்தத் தலைவருதான் உண்டாக்குனாராம். அம்மா மடியில குந்திகினு இவுரு கத்துகினாராம். ஒரு எழுத்து..." தந்தையார் நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "ஒரு எழுத்துகூட தப்பு இல்லியாம்டா."

"நான்தான் மோயீசன்னு சொன்னேன்ல!" என்று அத்தை கூவ, வாயிலில் திரண்டிருந்த தெரு முழுதும் ஆர்ப்பரித்தது. தந்தையார் தம்பியின் தோளை அழுத்திப் பிடித்தார். "நாளிக்கு பட்டறைக்கு நான் மட்டும் போயிக்கிறேன்."

பொறியாளருக்கு இன்னும் ஒரு வேண்டுகோள் இருந்தது. கீழிருந்த வெறுந்துணியைக் காட்டி, தீட்டியவர் பெயர் அங்கே வேண்டும் என்றார். சிற்றப்பா சற்றுத் தயங்கினார். பின்னர்த் தூரிகையை என் கையில் வைத்தார்.

"நீ எழுது கண்ணு. உன் கை சின்னது, சன்னமா வரும்."

அவ்வளவு பெரிய பேறு ராயபுரத்தில் வேறெந்தச் சிறுமிக்கும் கிட்டியதில்லை. அவர் பெயரைத் தமிழில் எழுதத் தொடங்கினேன். பெரியவர்கள் அனைவரும் திடீரென அமைதியாயினர். என் கையெழுத்தின் சிறப்பே அதற்குக் காரணம் என்று கொண்டேன். சிற்றப்பாவுக்கு எந்த மொழியிலும் ஓரெழுத்தும் படிக்கத் தெரியாது என்பதை, அவர் மறைந்த பிறகே எனக்குச் சொன்னார்கள். அன்றோ, அவர் என் தோளருகே குனிந்து, தூரிகை சென்ற ஒவ்வொரு வளைவையும் இமைக்காமல் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். பிழை பார்க்கிறார் என்று எண்ணி, நான் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினேன்.