பழைய பருப்புச் சாக்கு

அந்தப் புழுவை நான் முதலில் பார்த்தது கடதாசியில். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இறக்குமதி விதிகளோடு ஒரு படத்தையும் பெரிதாக்கி அனுப்பியிருந்தார்கள். உடம்பெல்லாம் மயிர், வால் பக்கம் ஒரு குஞ்சம். சீ! மத்தியானத்துக்குக் கொண்டுபோன சோற்றுப் பார்சலை அன்றைக்கு நான் அவிழ்க்கவே இல்லை. படத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் விதிகளை முதலாளிக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன்.

சண்டைக் காலம் அது. கொட்டாஞ்சேனையில் ஓர் ஏற்றுமதிக் கம்பனியில் எனக்கு வேலை. கம்பனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஸ்டோர், அதற்கு மேலே ஓர் அறை, அதற்குள் ஒரு ஃபாக்ஸ் மெஷின், பிறகு நான். வறுத்த சிவப்பரிசி மாவும் மிளகாய்த்தூளும் வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளுக்குப் போகும். முதலாளி எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். நெற்றி நிறையத் திருநீறு. மேசைக்கு மேலே வரிசையாகச் சாமிப் படங்கள். அவற்றுக்கு அணையாத சிவப்பு பல்பு. அந்தத் திருநீற்றை நம்பித்தான் அம்மா உயிரோடு இருந்தபோது என்னை அங்கே சேர்த்துவிட்டாள்.

விதிகள் கடுமையானவை. தானியத்தைத் தின்று தவிடாக்கும் ஒரு வண்டு தங்கள் நாட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டவை. கொண்டெய்னருக்கு மருந்துப் புகை அடிக்க வேண்டும். தரைப்பலகை வெடித்த கொண்டெய்னர் கூடாது. பாவித்த சாக்கு அறவே கூடாது. ஏனென்றால் வண்டின் புழு சாக்குத் தையலின் மடிப்புக்குள் புகுந்துகொண்டு, தின்ன ஒன்றும் இல்லாமலே வருசக்கணக்காக உயிரோடு கிடக்குமாம்.

"தின்னாமல் குடியாமல் வருசக்கணக்காவோ?" என்று முதலாளி சிரித்தார். "அப்ப அது எங்கட யாழ்ப்பாணத்துப் பூச்சிதான், பிள்ளை. எங்கட சனத்துக்கே விசா குடுக்கிறானில்லை, பூச்சிக்குக் குடுப்பானோ?"

நானும் சிரித்தேன். விசாக் கதை என்றால் எனக்கும் வயிற்றெரிச்சல்தான். வெள்ளவத்தையில் என்னோடு ஒரே அறையில் இருந்த என் அக்கா ஆஸ்திரேலியா விசாவுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். மெல்பேர்னில் அவளுடைய மகளுக்குத் தலைப்பிரசவம். ஒருமுறை விண்ணப்பித்து மறுத்துவிட்டார்கள். திரும்ப விண்ணப்பித்துவிட்டு அக்கா ஜன்னலோரம் இருந்து தைத்தாள். எங்கள் வழக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று போன பழைய துணிதான். அக்காவிடம் இருந்தது அத்தானின் வேட்டிகள். அத்தான் செல்லடியில், குண்டு விழுந்து, போனவர். அகப்பட்ட விறகை வைத்து அவசர அவசரமாக அவரை எரித்துவிட்டு, அந்த வேட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு வந்தவள் அக்கா. அவற்றைத்தான் சின்னச் சின்னச் சட்டைகளாகவும் போர்வைகளாகவும் வெட்டினாள். நூல் பிள்ளையின் தோலில் உரசக் கூடாதென்று ஓரங்களை இரண்டாய் மடித்துத் தைத்தாள்.

"அவர் தூக்காத பிள்ளையை அவற்ற வேட்டியாவது தூக்கட்டும்" என்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கம்பனியில் என்ன நடந்தது தெரியுமா? புதுக் கடதாசிப் பெட்டிகள் விலை என்று, மா நிரப்பிய பொலித்தீன் பக்கெட்டுகளை முதலாளி பழைய பருப்புச் சாக்குகளில் அடைத்தார். நான் கத்தினேன்.

"முதலாளி, பாவிச்ச சாக்கு கூடாதெண்டு வாசிச்சுக் காட்டினனான் எல்லோ?"

"உள்ளுக்க பொலித்தீன் பக்கெட்தானே. பூச்சி என்ன, கத்தியும் கொண்டே வரப்போகுது?"

பூச்சிக்குக் கத்தி தேவைப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் புழுவைக் கண்டு திருப்பிவிட்டார்கள்; கொண்டெய்னர் போன வழியே திரும்பி வந்தது. ஸ்டோர் முற்றத்தில் அதன் கதவைத் திறந்தபோது நானும் நின்றேன், என் கஷ்டகாலம். முதலில் ஒரு சிக்கு நாற்றம் முகத்தில் அடித்தது. சாக்குகளின் மேல் மண்ணிறமாய் ஏதோ கனத்துப் படிந்திருந்தது. தவிடு என்று நினைத்தேன். தவிடில்லை, புழுக்கள் கழற்றிப் போட்ட தோல். காற்றுப் பட்டதும் அது எழும்பிப் பறந்து தலையிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டது. அதற்குக் கீழே, தையல் மடிப்புகளில், உயிருள்ளவை நெளிந்தன. மூட்டை தூக்கும் நாட்டாமைகள் சேட்டுகளைக் கழற்றி உதறிக்கொண்டு சொறிந்தார்கள். என் வாய்க்குள்ளும் ஏதோ போய்விட்டது போலிருந்தது. மதிலோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

பயிர்க் காப்பு அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். வெளியே போய்த் திரும்பி வந்தாலும் அதுவும் இறக்குமதிதான், இங்கேயும் விதி உண்டு. "ஒக்கோம புச்சன்ன ஓன" என்றார் சிங்களத்தில். எல்லாவற்றையும் எரிக்க வேண்டும். லொறி வந்தது, ஏற்றினார்கள், போனது. அடுத்த நாள் முதலாளி இரண்டு கையையும் தட்டிக் காட்டி, "எரிச்சாச்சு, பிள்ளை. பிடிச்ச சனியன் விட்டுது" என்றார். நான் நம்பினேன். என்ன விசரோ எனக்கு.

அதற்குப் பிறகு அக்காவுக்கு விசா வந்தது. நான் வேலைக்குப் போன நேரங்களில் அவளே ஓடித் திரிந்து சூட்கேஸை அடுக்கினாள். பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம், பிள்ளையின் உடுப்புகளைப் பார்க்கும் ஆசையில் நான் சூட்கேஸைத் திறந்தேன். போர்வைகளுக்கு நடுவே, வெடிக்காமலிருக்கப் பக்குவமாய்ச் சுற்றி, மா பக்கெட்டுகள். லேபலைப் பார்த்தேன். அந்த லேபலில் இருந்த ஆங்கிலம் நான் எழுதிக் கொடுத்தது.

"அக்கா, இது எங்க வாங்கினனீங்கள்?"

"காலி வீதிக் கடையில. எக்ஸ்போர்ட் மா எண்டு போன கிழமை வந்தது. சனம் அடிபட்டெல்லோ வாங்குது!" அக்காவின் முகத்தில் அத்தனை பெருமை. "உனக்குச் சொல்லாமல் வச்சிருந்தனான். பிள்ளை பெத்தவளுக்கு நல்ல மாவில புட்டு அவிச்சுக் குடுக்கத்தானே."

ஒரு பக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் ஊசி குத்தியது போன்ற ஓட்டைகள். மா தானாக அசைந்தது. பொலித்தீனோடு ஒட்டிக்கொண்டு அந்த மயிர்ப் புழு, படத்தில் இருந்த அதே சனியன், மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் கத்திய கத்தில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

அக்கா பதறவே இல்லை. அரிதட்டைத் தேடினாள்! "வண்டு விழாத மா எங்க கிடக்கு? அரிச்சுப் போட்டுத் திரும்ப ஒருக்கா வறுத்தாச் சரி." அவளைக் குறை சொல்லவும் முடியாது. இடம்பெயர்ந்த காலத்தில் புழு பொறுக்கிப் பொறுக்கித்தான் சோறு சமைத்தவள். சாப்பாட்டை எறிய அவளுக்குக் கை வராது. ஆனால் என் உடம்பெல்லாம் கூசிக்கொண்டிருந்தது.

"உதோட பிடிபட்டால் உங்களைத் திருப்பி ஏத்திவிட்டிடுவாங்கள், அக்கா! மகளின்ர முகத்தையும் பாக்கமாட்டியள்!"

அந்தச் சொல் வேலை செய்தது. பக்கெட்டுகள் எல்லாவற்றையும் பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டினோம். சூட்கேஸை டெட்டோல் போட்டுத் துடைத்தோம். உடுப்புகளை ஒவ்வொன்றாய் உதறி, லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. ஊறவைத்துத் துவைக்கலாம் என்றால் வெளியே கொட்டும் மழை; விடிந்தால் பயணம். உதறியபடியே மடித்து வைத்தாள்.

நான் ஒரு பக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, குடையும் பிடிக்காமல் காலி வீதிக் கடைக்குப் போனேன். முதலாளி அந்தக் கிழமை சென்னையில். அவர் இல்லாவிட்டால் கடைக்காரனையாவது கேட்க வேண்டும். கடைக்குள் மாவுக்கு வரிசை நின்றது. எல்லாரும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் யார் யாருடைய கையிலோ கொடுத்தனுப்ப வாங்குகிறார்கள். அந்த நாடு வேண்டாமென்று கொண்டெய்னரோடு திருப்பிய மா, சூட்கேஸில் ஏறி அங்கேயே போகப் போகிறது. நான் பக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, "இது எரிக்கச் சொன்ன மா! புழு! பாருங்கோ!" என்று சத்தம் போட்டேன்.

"வியாபார நேரத்தில கத்தாதேங்கோ, தங்கச்சி" என்றார் கடைக்காரர்.

கழுத்துப்பட்டி கட்டிய ஓர் ஐயா எட்டிப் பார்த்து, "அரிச்செடுக்கலாம்தானே" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மா கடைக்காரரிடம், "அப்ப விலையைக் குறைச்சுப் போடுவியளோ?" என்று கேட்டார். ஒருவர்கூட வரிசையை விட்டு விலகவில்லை. அந்தப் புழுவைப் பார்த்துக்கூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை. எக்ஸ்போர்ட் என்று எழுதியிருந்தால் எங்கள் சனம் எருவையும் வாங்கி வறுக்கும் என்று வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு நனைந்தபடி திரும்பினேன்.

அக்கா போனாள். விமானத்தில் கொடுக்கும் அட்டையை எப்படி நிரப்புவதென்று என்னிடம் கேட்டுப் பாடமாக்கியிருந்தாள். சாப்பாட்டுச் சாமான்: இல்லை. தானியம்: இல்லை. பொய் இல்லாமல் எழுதலாம் என்பதில் அவளுக்கு நிம்மதி.

போய்ச் சேர்ந்ததாக மகள் மட்டும் போனில் ஒரு சொல்லுச் சொல்லி வைத்தாள். அக்கா பேசவில்லை. அடுத்த நாள்தான் அவளுடைய குரல் வந்தது.

"பெட்டி மூலையில துளி மா கிடந்ததாம். எயார்போர்ட்டில சோதிச்ச மனுசி அதைக் கண்டிட்டுத்தான் எல்லாத்தையும் கிளறினவள்" என்றாள். "கையுறை போட்டுக்கொண்டு, சின்னக் கத்தியால போர்வையின்ர ஓரத்தைப் பிரிச்சாள். உள்ளுக்க இருந்தது, பிள்ளை. உயிரோட இருந்தது. நான் மடிச்சுத் தைச்ச மடிப்புக்குள்ள."

சாக்குத் தையலின் மடிப்பு என்று எத்தனை தரம் வாசித்திருப்பேன்.

"மொழிபெயர்க்கவெண்டு போனில ஒரு தமிழ்ப் பிள்ளையைப் பிடிச்சுத் தந்தவங்கள். அது கேக்குது, 'அம்மா, மாவை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறியள்?' எண்டு. இல்லை எண்டுறன், ஒருத்தரும் நம்பேல்லை. அந்த மனுசி நல்லமாதிரித்தான் கதைச்சாள். ஆனால் நீ அந்தப் புழுவைப் பாத்த மாதிரித்தான் என்னைப் பாத்தாள்."

"உடுப்பெல்லாம்?"

"எல்லாத்தையும் பையிக்க போட்டுக் கட்டினவங்கள். எரிப்பினமாம். அவரை ரெண்டாந்தரமும் நெருப்பில குடுத்திட்டு வந்து நிக்கிறன்."

அவர்கள் செய்தது சரி. அதுதான் என்னைக் கொன்றது. ஆத்திரப்பட அங்கே ஒருவரும் இல்லை. ஆத்திரப்பட வேண்டியவர் என் நாட்டுக்காரர், என் முதலாளிதான்.

சென்னையிலிருந்து முதலாளி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், கடைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து, சமையலறையில் போத்தலுக்குள் மூடி வைத்திருந்த அந்தப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினேன். சாமிப் படங்களுக்குக் கீழே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"எரிச்சது எவ்வளவு, முதலாளி?"

"என்ன பிள்ளை, வந்ததும் வராததுமா? அதிகாரிக்குக் காட்ட ஒரு லொறி எரிச்சனான். மிச்சம் நல்ல மா. அங்க ஆகாட்டி இங்க ஆகும். சனம் சந்தோசமாத்தானே வாங்குது."

"நீங்கள் எரிக்காததுக்கு என்ர அத்தான்ர வேட்டியை மெல்பேர்னில எரிச்சுப் போட்டாங்கள்" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. விளங்கப்படுத்தவும் எனக்கு மனமில்லை. பக்கெட்டைக் கிழித்து அவருடைய மேசையில் கொட்டினேன்.

மா பொலபொலவென்று விழுந்தது. அதற்குள்ளிருந்து அவை நெளிந்து நெளிந்து வெளியே வந்து, தேத்தண்ணிக் கோப்பைப் பக்கமும் அவருடைய கைப் பக்கமும் ஊர்ந்தன. முதலாளி கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினார். "சீ! சீ!" என்று மூக்கைப் பொத்தினார். அவருக்கும் அருவருத்தது. அதைப் பார்த்தபோது ஒரு கணம் எனக்குள் ஏதோ ஆறியது போலிருந்தது.

கீழே நின்ற நாட்டாமையைக் கூப்பிட்டார். அவர் விளக்குமாறும் தகரமும் கொண்டு வந்து மேசையை வழித்துக் கூட்டினார். அள்ளிய தகரத்தோடு ஜன்னல் பக்கம் போனார்.

"வெளியில கொட்டாதை" என்றார் முதலாளி, மூக்கிலிருந்து கையை எடுக்காமல். "கீழ ஒரு பருப்புச் சாக்கு அரைவாசியில கிடக்கு. அதுக்க போடு."