காலைக் கட்டாதே என்ற ஞானம் நர்ஸம்மா

தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தபோது ஞானம் நர்ஸம்மா இறந்த செய்தி வந்தது. கையில் இருக்கும் குச்சிச் சட்டத்தை முடித்துவிட்டுப் போகச் சொன்னார் கணக்கப்பிள்ளை. முடித்துவிட்டுத்தான் போனோம்.

எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாலும், வெடிக் கம்பெனியில் வெந்தவர்களுக்கும் அவர்தான் மருந்து கட்டினார். என் அக்கா பன்னிரண்டு வயதில், அங்கே வெடிமருந்து ரூமில் வேலை பார்த்தபோது வெந்தாள். பாவாடையில் தீப்பிடித்து, தொடைகளிலும் நடுவிலும் தோல் உரிந்துவிட்டது. நர்ஸம்மா தினமும் வந்து, கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுக்கவைப்பார். காலைக் கட்டாதே, சேர்த்தால் புண் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மாவிடம் பலமுறை சொன்னார்.

அவர் போனதும் அம்மா தலையணையை எடுத்துவிடுவாள். பெண்பிள்ளை அப்படிக் கிடந்தால் ஊர் சிரிக்கும் என்று முழங்கால்களைச் சேலைத் துணியால் சேர்த்துக் கட்டுவாள். துணியின் ஒரு முனையை நான் பிடித்துக் கொடுப்பேன். எனக்கு ஆறு வயது. மறுநாள் அவர் வருமுன் அவிழ்த்துவிடுவோம்.

புண் ஆறியபோது சிறு துவாரம் தவிர எல்லாம் ஒட்டியிருந்தது. நர்ஸம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"இம்புட்டு வெக்கப்படுறவ, பிள்ளைய ஏன் மருந்து ரூமுக்கு அனுப்புன?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமலே அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். அத்தானும் வெளியே சொல்லவில்லை. அக்கா உண்டானதும் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்படி நர்ஸம்மா கெஞ்சினார். போனால் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்றாள் அம்மா. வலி எடுத்தும் அவரைக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் நானே ஓடினேன். அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"எத்தன நாளாச்சு தாயி?" என்று கேட்டுக்கொண்டே பையை எடுத்தார்.

தழும்பை அறுத்துத்தான் பிள்ளையை எடுத்தார். ஆண்பிள்ளை. உயிர் இல்லை. அக்கா பிழைத்தாள்.

தகவல் தெரிந்து வந்த அக்காவின் மாமியார் அழவில்லை. "பழையபடி தச்சிருங்க. எம்மவன் இதோட எப்படிக் குடும்பம் நடத்துவான்?" என்றாள்.

"ரத்தம் நிக்கத் தைப்பேன். வழிய அடைக்கத் தைக்க மாட்டேன். இவ இன்னும் பெறணும்லா" என்றார் நர்ஸம்மா.

நர்ஸம்மாதான் பிள்ளையைக் கொன்றவள் என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். பலர் நம்பினார்கள். அதற்குப் பிறகும் அவர் வாரம் ஒருமுறை வந்து அக்காவின் புண்ணைப் பார்த்தார். காலை விரித்துப் படுக்க அக்கா வெட்கப்படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருப்பார்.

அக்காவுக்கு இப்போது எட்டாம் மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று மாமியார் கையைப் பிடித்து இழுத்தும், அவள் பெட்டியருகே வந்து நின்றாள். வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவது என்று என்னைக் கேட்டாள். நீங்கள் உறங்குங்கள், நர்ஸம்மா.